டோல்கீனின் குழந்தைப் பருவமும் அவர் படைத்த உலகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தி ஹாபிட்' (1937), 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) ஆகிய நூல்களைப் படித்தவர்களும், திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்களும், ஜே. ஆர். ஆர். டோல்கீனின் இளமைக் காலத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு அவரே கடிதங்களிலும் முன்னுரைகளிலும் நேர்காணல்களிலும் விடை சொல்லியிருக்கிறார். வேறு சிலவற்றுக்கு அவர் சொன்னதற்கு நேர்மாறான விடைகள் உலவுகின்றன. எனவே ஒவ்வொரு விடையிலும் அவர் சொன்னது எது, பிறர் ஊகித்தது எது என்று பிரித்துக் காட்ட முயன்றிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

இங்கிலாந்துக் கிராமத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் ஆப்பிரிக்காவில் பிறந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1892 ஜனவரி 3 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபோன்டைன் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஆர்தர் அங்கே ஒரு வங்கியின் கிளை மேலாளர். தாய் மேபெல், தந்தை இருவருமே பர்மிங்காம் பகுதியைச் சேர்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 1894-இல் தம்பி ஹிலாரி பிறந்தார்.

1895-இல் தாய் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு உறவினர்களைப் பார்க்க இங்கிலாந்து வந்தார். பின்னால் வருவதாக இருந்த தந்தை, வாதக் காய்ச்சலால் 1896 பிப்ரவரியில் புளூம்ஃபோன்டைனிலேயே இறந்துபோனார். விருந்தாளிகளாக வந்த குடும்பம் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது. மூத்த மகனுக்கு அப்போது நான்கு வயது.

மூன்று வயதில் விட்டுவந்த நாடு அவருடைய எழுத்தை எப்படிப் பாதித்திருக்க முடியும்?

அந்த நாட்டின் காட்சிகள் அவருடைய கதைகளில் பெரிதாக இடம்பெறவில்லை. ஆனால் அங்கிருந்து பெயர்ந்து வந்தது ஆழமான விளைவை ஏற்படுத்தியது என்று அவரே கருதினார். முதன்முதலில் கண்ட கிறிஸ்துமஸ் மரம் வாடிப்போன யூகலிப்டஸாகவும், அன்றாட வாழ்க்கை வெயிலும் மணலுமாகவும் இருந்த குழந்தை, கற்பனை விரியத் தொடங்கும் வயதில் திடீரென்று ஓர் அமைதியான ஆங்கிலக் கிராமத்தில் வந்து நின்றால், அந்த நிலத்தின் நீர், கல், எல்ம் மரங்கள், சிறு ஆறுகள், நாட்டுப்புற மக்கள் ஆகியவற்றின் மேல் தனியொரு காதல் பிறக்கும் என்ற பொருளில் ஒரு வானொலி நேர்காணலில் பேசியிருக்கிறார்.

என் கணிப்பில், அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் சொன்னவற்றுள் மிகவும் பயனுள்ளது இதுதான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வேலியும் ஓடையும் கண்ணில் படாமலேயே போகலாம். டோல்கீன் அந்த நிலத்துக்கு உரியவராகவும் அதே வேளையில் புதியவராகவும் வந்தார். அவருடைய கதைகளில் புல்வெளியையும் நீரோடையையும் வருணிக்கும்போது தெரியும் வியப்பு கலந்த கூர்மைக்கு இந்த இரட்டை நிலையே காரணம் என்று நினைக்கிறேன்.

சின்ன வயதில் ராட்சதச் சிலந்தி கடித்ததால்தான் கதைகளில் சிலந்திகளைக் கொடூரமாகக் காட்டினாராமே?

கடித்தது உண்மை, காரணம் உண்மையில்லை. நடை பழகும் வயதில் புளூம்ஃபோன்டைன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய சிலந்தி அவரைக் கடித்தது. உயரமான காய்ந்த புல்லின் ஊடே வெயிலில் பயந்து ஓடியது அவர் நினைவில் இருந்தது. சிலந்தி நினைவில் இல்லை. தமக்குச் சிலந்திகள் மேல் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 'தி ஹாபிட்' கதையில் காட்டுச் சிலந்திகளை நுழைத்தது, சிலந்தி என்றாலே நடுங்கிய தம் மகன் மைக்கேலை நன்றாகப் பயமுறுத்துவதற்காகத்தான். ஆக, ஒரு குழந்தையின் அச்சம் அந்தக் காட்சிக்குப் பின்னால் இருப்பது சரியே. அந்தக் குழந்தை டோல்கீன் அல்லர்.

ஷயர் உண்மையில் எந்த ஊர்? போய்ப் பார்க்க முடியுமா?

ஷயர் என்பது கதைகளில் ஹாபிட் என்னும் குட்டை மனிதர்கள் வாழும் நாட்டுப்புறம். 1896 கோடையில் தாய் மேபெல், பர்மிங்காமின் தெற்கு விளிம்புக்கு அப்பால் இருந்த சேர்ஹோல் என்ற சிற்றூரில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தார். எதிரே புல்வெளி, அதன் குறுக்கே கோல் என்ற சிற்றாறு, அதன் கரையில் உயர்ந்த புகைபோக்கியோடு ஒரு பழைய ஆலை. குடும்பம் அங்கே வாழ்ந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. ஆனால் தம் வாழ்வில் மிக நீண்டதாகத் தோன்றியதும், தம்மை மிகுதியாக உருவாக்கியதும் அந்தக் காலமே என்று டோல்கீன் பிற்காலத்தில் எழுதினார். 1955-இல் பதிப்பகத்தாருக்கு எழுதிய கடிதத்தில், ஷயர் என்பது விக்டோரியா அரசியின் வைர விழாக் காலத்து வார்விக்‌ஷயர் கிராமம் ஒன்றைப் போன்றதுதான் என்கிறார். வைர விழா நடந்தது 1897-இல். அப்போது அவருக்கு வயது ஐந்து.

ஆலையை இன்றும் பார்க்கலாம். அது பழுதுபார்க்கப்பட்டு 1969 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. அருகே சதுப்பும் மரங்களுமாக மோஸ்லி பாக் என்ற காட்டுப்பகுதியும் காக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் இருப்பது முழுக்க நகரம். 1911-இலேயே அந்தப் பகுதி பர்மிங்காமோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஓர் ஊரை அப்படியே பெயர்த்து வைத்ததுதான் ஷயர் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். எடுத்துக்காட்டாக, 'தி ஹாபிட்' நாயகன் பில்போ வீட்டின் பெயரான பேக் எண்ட், டோல்கீனின் சித்தி ஜேன் நீவ் 1920-களில் வூஸ்டர்ஷயரில் நடத்திய பண்ணைக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர். அப்போது டோல்கீன் முப்பதைக் கடந்த ஆசிரியர்.

அந்த ஆலைக்காரர்தான் கதையில் வரும் ஆலைக்காரரா? காளான் திருடும் காட்சியும் அவருடைய அனுபவமா?

சேர்ஹோல் ஆலையை ஒரு தந்தையும் மகனும் நடத்தினார்கள். ஆலை அந்நாளில் எலும்புகளை அரைத்து உரமாக்கிக்கொண்டிருந்தது. உடையெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்து, எட்டிப்பார்க்கும் சிறுவர்களை அதட்டி விரட்டிய மகனுக்கு டோல்கீனும் தம்பியும் 'வெள்ளை அரக்கன்' என்று பெயர் வைத்தார்கள். தம் நிலத்தில் காளான் பறித்ததற்காக டோல்கீனைத் துரத்திய முதிய உழவர் 'கறுப்பு அரக்கன்' ஆனார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், இளைய ஆலைக்காரரின் தோற்றம் தமக்குப் பிடித்ததே இல்லை என்றும், ஆனால் கறுந்தாடி வைத்திருந்த மூத்தவரின் பெயர் சாண்டிமேன் அன்று என்றும் குறும்பாகச் சொல்கிறார். சாண்டிமேன் என்பது கதையில் வரும் ஆலைக்காரரின் பெயர். தொடர்பை ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் நகல் இல்லை என்று மறுக்கும் விடை இது.

காளான் விஷயத்தில் அவர் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் பொருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. சிறு வயதில் மாகட் என்ற உழவரின் நிலத்தில் காளான் திருடி, அவருடைய நாய்களால் துரத்தப்பட்டவன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோ. பல ஆண்டுகள் கழித்தும் அந்த அச்சம் அவனை விடவில்லை. மீண்டும் அவரைச் சந்திக்கும்போதோ அவர் அன்பும் துணிவும் உள்ள மனிதர் என்று தெரிகிறது. பிரியும்போது ஒரு கூடை காளானும் கிடைக்கிறது. சிறுவனின் அரக்கனைப் பெரியவரின் கண்கொண்டு பார்த்துத் திருத்தி எழுதிய பகுதியாகவே நான் இதைப் படிக்கிறேன்.

சாமின் குடும்பப் பெயர் பஞ்சின் பெயரா? வேடிக்கைக்குச் சொல்கிறார்களா?

வேடிக்கையில்லை. ஃப்ரோடோவின் தோழன் சாமின் குடும்பப் பெயர் காம்ஜீ. பர்மிங்காமைச் சேர்ந்த சாம்ப்சன் காம்ஜீ என்ற அறுவை மருத்துவர் 1880-இல் காயக்கட்டுக்கான ஒரு பஞ்சுத் துணியை உருவாக்கினார். டோல்கீன் சிறுவராக இருந்தபோது அந்தப் பகுதியில் பஞ்சையே 'காம்ஜீ' என்றுதான் சொன்னார்கள். சிரிப்பூட்டும் ஒலியாக அது நினைவில் தங்கியிருந்ததால் பயன்படுத்தினேன் என்று ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். பிற்காலத்தில் உண்மையான சாம் காம்ஜீ ஒருவர் லண்டனிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினார் என்பது தனிக்கதை.

நான்கு ஆண்டுகள் மட்டும் இருந்த இடம் வாழ்நாள் முழுவதும் ஏன் அவரை விடவில்லை?

அது நான்கு ஆண்டுகளில் முடிந்துபோனதாலேயே என்பது என் விடை. 1900-இல் மகனின் பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டியிருந்ததால் குடும்பம் டிராம் ஓடும் மோஸ்லிக்கும், அடுத்துத் தொடர்வண்டிப் பாதையை ஒட்டிய கிங்ஸ் ஹீத்துக்கும் குடிபெயர்ந்தது. நகரம் பின்னாலேயே வளர்ந்துவந்து பழைய ஊரை விழுங்கியது. மேலே சொன்ன முன்னுரையில், தாம் குழந்தையாக வாழ்ந்த நாட்டுப்புறம் தமக்குப் பத்து வயது நிறையும் முன்பே அலங்கோலமாக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று எழுதுகிறார். அப்போது அவர் மோட்டார் வண்டியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

தந்தை, பிறந்த நாடு, சேர்ஹோல், பின்னர் தாய் என்று பன்னிரண்டு வயதுக்குள் அவர் இழந்தவற்றைப் பார்த்தால், அவருடைய உலகம் ஏன் தொடக்கத்திலிருந்தே முடிந்துகொண்டிருக்கும் உலகமாக இருக்கிறது என்பது புரியும். எல்ஃப்கள் என்னும் சாவில்லாத இனத்தார் மேற்கே கப்பலேறிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய நகரங்கள் இடிபாடுகளாகவே கதைக்குள் வருகின்றன. வெற்றி பெற்றுத் திரும்பும் ஃப்ரோடோவால் தான் காப்பாற்றிய ஊரில் வாழ முடிவதில்லை. இடங்களின் பெயர்களைத் தேடி ஒப்பிடுவதைவிட, இழப்பு இந்தக் கதைகளுக்குத் தந்திருக்கும் வடிவத்தைக் கவனிப்பதே அவருடைய குழந்தைப் பருவத்தைக் கண்டுகொள்ளும் வழி. கீழே வரும் பல விடைகளும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

மரங்கள் மேல் ஏன் அவருக்கு அவ்வளவு பற்று? நடக்கும் மரங்கள் எப்படித் தோன்றின?

சேர்ஹோல் ஆலைக் குளத்தின் மேல் ஒரு வில்லோ மரம் சாய்ந்திருந்தது. அதில் ஏறிப் பழகினார். ஒரு நாள் அதை வெட்டினார்கள். வெட்டிய மரத்தை எதற்கும் பயன்படுத்தவில்லை, அடிமரம் அங்கேயே கிடந்தது, அதைத் தாம் மறக்கவே இல்லை என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். பயனில்லாமல் வெட்டியதுதான் சிறுவனை உறுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். தீய மந்திரவாதி சாருமானின் ஆட்கள் சில மரங்களை எரிக்கக்கூட எடுத்துச் செல்லாமல் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போகிறார்கள் என்று மரத்தாடி என்னும் என்ட் (நடந்து பேசும் மர மனிதர்) கொதிக்கும் இடத்தில் இதே குற்றச்சாட்டு வருகிறது.

என்ட்கள் படையெடுத்து வரும் காட்சிக்கு வேறொரு வேர் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் பர்னம் காடு நகர்ந்து வரும் என்று குறி சொல்லப்படுகிறது. ஆனால் வருவதோ கிளைகளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் படைவீரர்கள். பள்ளி நாட்களில் இது தமக்குக் கசப்பான ஏமாற்றத்தைத் தந்தது என்றும், மரங்கள் மெய்யாகவே போருக்குப் புறப்படும்படி ஒரு கதை அமைக்க ஏங்கியதாகவும் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு 1955-இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

அவரை வெறும் மர அன்பராக மட்டும் சுருக்கிவிடவும் முடியாது. ஹாபிட்களைத் தன் வேர்ப்பிளவுக்குள் இழுத்து நசுக்கப் பார்க்கும் கிழட்டு வில்லோ மரமும் அவர் படைத்ததே.

கதை எழுதும் ஆர்வம் யாரிடமிருந்து வந்தது?

முதல் ஆசிரியர் தாய். நான்கு வயதில் படிக்கவும், விரைவில் அழகாக எழுதவும் அவரிடம் கற்றார். இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றின் தொடக்கமும், தாவரவியலும், ஓவியமும் வீட்டிலேயே நடந்தன. செடிகளின் பெயரைவிட அவற்றின் உருவமும் தொடு உணர்வுமே தம்மை ஈர்த்தன என்பார் டோல்கீன். கதைகளில் செடிகொடிகள் துல்லியமாக வருவதற்கு இந்தப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ரூ லாங் தொகுத்த தேவதைக் கதை நூல்களை அவர் விரும்பிப் படித்தார். அவற்றுள் ஒன்றில் இருந்த, ஃபாஃப்னிர் என்ற டிராகனை சிகூர்த் கொல்லும் வடபுலத்துக் கதை எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. டிராகன்களை ஆழ்ந்த வேட்கையோடு விரும்பினேன், ஆனால் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பவில்லை என்று 1939-இல் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரையில் சொன்னார். ஏழு வயதளவில் ஒரு டிராகன் கதை எழுதினார். அதைக் கண்ட தாய் டிராகனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு உரிச்சொற்களின் வரிசை தவறு என்று மட்டும் திருத்தினார். ஏன் அப்படி என்ற கேள்வி வாழ்நாள் முழுவதும் தம்மோடு இருந்தது என்றும், அதன் பிறகு பல ஆண்டுகள் கதை எழுத முயலாமல் மொழியிலேயே மூழ்கிப்போனதாகவும் கூறுகிறார்.

மொழிகளை உருவாக்குவது சிறு வயதிலேயே தொடங்கியதா, பேராசிரியரான பிறகா?

சிறு வயதிலேயே தொடங்கியது. பெரியம்மா மக்களான மேரியும் மார்ஜரியும் விலங்குகள், பறவைகளின் பெயர்களைக் கொண்டு ஒரு விளையாட்டு மொழியை வைத்திருந்தார்கள். டோல்கீனும் அதைக் கற்றுக்கொண்டார். அடுத்து மேரியோடு சேர்ந்து 'நெவ்பாஷ்' என்ற இன்னொரு மொழி உருவாயிற்று. பின்பு தனியாக, ஸ்பானிய மொழியின் சாயலில் 'நஃப்பாரின்' என்ற ஒன்றை அமைத்தார். பதின்வயதில் கைக்கு வந்த கோத்திய மொழி இலக்கண நூல், அழிந்துபோன மொழியை மீட்டெடுக்கும் முறையைக் காட்டியது.

கிங்ஸ் ஹீத் வீட்டின் பின்புறம் தொடர்வண்டிப் பாதை இருந்ததைச் சொன்னேன். அதில் சென்ற நிலக்கரி வண்டிகளின் பக்கங்களில் நாண்டிகுளோ, செங்கெனித் போன்ற வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் எழுதியிருந்தன. அவற்றைச் சரியாக ஒலிக்கக்கூடத் தெரியாத சிறுவனுக்கு அவை தொன்மையான வேறோர் உலகத்தின் பெயர்களாகத் தோன்றின. பிற்காலத்தில் எல்ஃப்களின் சிந்தாரின் மொழிக்கு வெல்ஷ் மொழியின் ஒலியமைப்பை ஒட்டிய வடிவம் தந்தார். மற்றொரு மொழியான குவென்யாவில் ஃபின்னிஷ் மொழியின் தாக்கம் மிகுதி; அது ஆக்ஸ்ஃபோர்டு மாணவப் பருவத்தில் வந்தது.

மொழிகளே அடித்தளம், அவை வாழ்வதற்கு ஓர் உலகம் வேண்டும் என்பதற்காகவே கதைகள் எழுந்தன என்று அவர் வலியுறுத்தினார். தொழிற்சாலைகளுக்கு நிலக்கரி சுமந்து சென்ற அதே வண்டிகள்தாம் எல்ஃப்களின் மொழிக்கும் விதை கொண்டுவந்தன என்பது, தொழில் நகரத்தை அவர் வெறுத்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.

அவருடைய நாயகர்கள் பெரும்பாலும் பெற்றோர் இல்லாதவர்கள். தாயின் சாவுதான் இதற்குக் காரணமா?

மேபெல் டோல்கீன் 1904 நவம்பரில், முப்பத்து நான்கு வயதில், நீரிழிவு நோயால் இறந்தார். இன்சுலின் சிகிச்சை வருவதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது. சிறுவர்களுக்குப் பாதுகாவலராகத் தாயே நியமித்திருந்தவர், பர்மிங்காம் ஆரட்டரி என்ற கத்தோலிக்கக் குருக்கள் இல்லத்தைச் சேர்ந்த பாதிரியார் ஃபிரான்சிஸ் மார்கன். காலமாகிவிட்ட ஒரு தாய்மாமனின் மனைவி வீட்டில் சகோதரர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். தாயின் கடிதங்களையும் தாள்களையும் அந்த அம்மையார் எரித்துவிட்டார் என்பதை அடுப்பில் சாம்பலைக் கண்ட பிறகே டோல்கீன் அறிந்தார்.

இப்போது கதைகளைப் பாருங்கள். ஃப்ரோடோவின் பெற்றோர் ஆற்றில் மூழ்கி இறக்கிறார்கள். நூலின் பின்னிணைப்பில் உள்ள குடிவழிப் பட்டியலைக் கணக்கிட்டால் அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. அரகார்ன் இரண்டு வயதில் தந்தையை இழந்து எல்ரோண்டின் வீட்டில் வளர்கிறான். 'தி சில்மரில்லியன்' நூலில் தூரின் சிறுவயதிலேயே தாயைப் பிரிகிறான். ஃபியனோரின் தாய் அவனைப் பெற்ற களைப்பிலேயே உயிர் துறக்கிறாள், அந்த இழப்பின் விளைவுகள் ஓர் இனத்தின் வரலாற்றையே திசைமாற்றுகின்றன.

இருந்தாலும் 'காரணம்' என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். பெற்றோரை இழந்து பிறரால் வளர்க்கப்படும் நாயகன் பழங்கதைகளின் பொதுச்சொத்து. சிறுவன் டோல்கீன் தாய் உயிரோடு இருந்தபோதே விரும்பிப் படித்த சிகூர்த், வடபுல மரபின்படி தந்தை இறந்த பின் பிறந்தவன். ஃப்ரோடோவின் தோழர்களுள் சாமுக்குத் தந்தை உண்டு, மெர்ரி, பிப்பின் ஆகியோருக்குப் பெற்றோர் உண்டு. மரபில் ஏற்கெனவே இருந்த ஒரு வடிவத்தை டோல்கீன் உள்ளிருந்து அறிந்திருந்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

அவ்வளவு பக்தியுள்ள கத்தோலிக்கர் என்றால், கதையில் கோயிலோ வழிபாடோ ஏன் இல்லை?

மேபெல் 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இருபக்கக் குடும்பங்களும் இதைக் கடுமையாக எதிர்த்தன. அவருக்குக் கிடைத்துவந்த பண உதவி நின்றுபோயிற்று. அந்த வறுமையே தாயின் உயிரைக் குறைத்தது என்றும், தாய் தம் சமயத்துக்காக உயிர் தந்தவர் என்றும் மகன் கடைசிவரை நம்பினார். ஆகவே அவருக்குச் சமயமும் தாயின் நினைவும் பிரிக்க முடியாதவை.

1953-இல் எழுதிய கடிதம் ஒன்றில், தம் நூல் அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்றும், அதனாலேயே வெளிப்படையான சமய அடையாளங்களைக் கதையிலிருந்து நீக்கியதாகவும், சமயம் கதைக்குள் கரைந்திருக்கிறது என்றும் விளக்குகிறார். அதே கடிதத்தில் தம் நம்பிக்கைக்குத் தாய்க்குக் கடன்பட்டிருப்பதையும் சொல்கிறார். கொல்லப்படத் தக்கவனாகத் தோன்றும் கோல்லம் என்ற பாத்திரத்தின் மேல் இரக்கம் காட்டியதால்தான் இறுதியில் உலகம் தப்புகிறது என்ற கதை முடிச்சில் அந்தக் கரைசலைக் காணலாம்.

பர்மிங்காமில் இருக்கும் இரண்டு கோபுரங்கள்தாம் 'தி டூ டவர்ஸ்' என்ற பெயருக்குக் காரணமா?

தாய் இறந்த பின் டோல்கீன் தங்கிய எட்ஜ்பாஸ்டன் பகுதியில், 1758-இல் கட்டப்பட்ட பெரட்ஸ் ஃபாலி என்ற கோபுரமும், அருகிலேயே விக்டோரியா காலத்து நீரேற்று நிலையக் கோபுரமும் உள்ளன. அவற்றை அவர் தினமும் பார்த்திருக்கக்கூடும். அவைதாம் மூலம் என்று அவர் எங்கும் சொன்னதில்லை.

எதிர்ச் சான்று வலுவானது. ஒரே நூலாக எழுதியதைப் பதிப்பகம் மூன்று பகுதிகளாக வெளியிட முடிவு செய்த பிறகே நடுப்பகுதிக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. கதையில் உள்ள பல கோபுரங்களுள் எந்த இரண்டைத் தலைப்பு குறிக்கிறது என்பதில் அவரே சில காலம் தடுமாறினார். சிறுவயதுக் காட்சி ஒன்றிலிருந்து பிறந்த தலைப்பாக இருந்தால் அந்தத் தடுமாற்றம் ஏன்? சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இந்தக் கதை வசதியானது, அவ்வளவுதான்.

மோர்டோர் என்பது பர்மிங்காமின் தொழிற்சாலைகள்தானே? இல்லை, முதல் உலகப் போரா?

மோர்டோர் என்பது கதையில் தீய வேந்தன் ஆளும் பாழ்நிலம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அவர் எழுத்தில் விட்டுச்சென்ற சான்று போரின் பக்கம் இருக்கிறது. இறந்தோர் சதுப்பு நிலமும் மோர்டோரின் வாயிலை நோக்கிச் செல்லும் வழியும் சோம் போருக்குப் பிந்தைய வடக்கு ஃபிரான்ஸுக்கு ஓரளவு கடன்பட்டவை என்று 1960-இல் எழுதினார். 1916-இல் அந்தப் போரில் இருந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. பள்ளிக்கால நெருங்கிய நண்பர்கள் நால்வரில் அவரும் கிறிஸ்டோபர் வைஸ்மனும் மட்டுமே போருக்குப் பின் எஞ்சினார்கள்.

தொழில் நகரத்தின் நிழலை மோர்டோரில் தேடுவதைவிட, கதையின் முடிவில் ஷயருக்குத் திரும்பும் ஹாபிட்கள் காணும் காட்சியில் தேடலாம்: வெட்டப்பட்ட மரங்கள், புகையும் கழிவும் கக்கும் புதிய ஆலை, அவசரத்தில் எழுந்த அழகற்ற வீடுகள். அந்த அத்தியாயம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தைக் குறிக்கிறது என்று சிலர் சொன்னபோது அதை மறுத்துத்தான், பத்து வயதுக்குள் அழிந்த தம் நாட்டுப்புறத்தைப் பற்றி டோல்கீன் எழுதினார்.

அலை எழுந்து நாட்டை விழுங்கும் கனவு அவருக்கு உண்மையிலேயே வந்ததா?

வந்தது. பசுமையான நிலத்தின் மேல் தவிர்க்க முடியாத பேரலை ஒன்று எழுந்து வரும் கனவு நினைவு தெரிந்த நாள் முதல் தமக்கு வந்துகொண்டிருந்தது என்று ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நூமெனோர் தீவு கடலில் மூழ்கும் கதை அதிலிருந்து எழுந்தது. கதைக்குள் அந்தக் கனவை ஃபாரமிர் என்ற பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை எழுதிய பிறகு கனவு தணிந்ததாம். தாம் எதுவும் சொல்லாமலேயே தம் மகன் மைக்கேலுக்கும் அதே கனவு வந்ததைப் பின்னர் அறிந்து வியந்தார்.

பனி மலைகள், ரிவெண்டெல் எல்லாம் எங்கிருந்து வந்தன?

குழந்தைப் பருவத்திலிருந்து அல்ல. 1911 கோடையில், பத்தொன்பது வயதில், சித்தி ஜேனும் தம்பியும் உட்பட்ட ஒரு குழுவோடு சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்து சென்றார். பில்போ, எல்ஃப்களின் இருப்பிடமான ரிவெண்டெல்லிலிருந்து மலைகளைக் கடக்கும் பயணம் அந்த நடையை அடிப்படையாகக் கொண்டது என்று மகனுக்கு எழுதினார்.

எடித்தைப் பிரித்து வைத்த கதைதான் லூத்தியன் கதையா?

1908-இல் ஒரு வாடகை விடுதியில் எடித் பிராட்டைச் சந்தித்தபோது டோல்கீனுக்குப் பதினாறு வயது, எடித்துக்குப் பத்தொன்பது. இருவருமே பெற்றோர் இல்லாதவர்கள். இருபத்தொரு வயதாகும் வரை தொடர்பே கூடாது என்று பாதுகாவலர் தடைவிதித்தார். டோல்கீன் கீழ்ப்படிந்தார், இருபத்தொன்றாவது பிறந்தநாள் பிறந்ததும் கடிதம் எழுதினார், 1916-இல் மணந்தார்.

பெரென் என்ற மனிதனும் லூத்தியன் என்ற எல்ஃப் இளவரசியும் காதலிப்பதே லூத்தியன் கதை. அதன் முதல் பொறி இந்தத் தடையன்று. 1917-இல் யார்க்‌ஷயரின் ரூஸ் என்ற ஊருக்கு அருகே மரங்களுக்கிடையே எடித் ஆடிய நடனமே அது என்று அவர் சொல்லியிருக்கிறார். இருப்பினும், பெரியவர் ஒருவர் கடும் நிபந்தனை விதிப்பதும் காதலன் அதை நிறைவேற்றிய பின்பே மணப்பதும் பெரென் கதையிலும் அரகார்ன் கதையிலும் வருவதைக் காணும்போது பாதுகாவலரின் நினைவு வராமல் போகாது. இருவரின் கல்லறையிலும் பெரென், லூத்தியன் என்ற பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆசிரியரின் வாழ்க்கையைக் கதையில் தேடுவதை டோல்கீனே வெறுத்தாரே? பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு?

வெறுத்தது உண்மை. 1958-இல் எழுதிய ஒரு கடிதத்தில், எழுத்தாளர்களின் வாழ்க்கை விவரங்களில் திறனாய்வாளர்கள் காட்டும் மிகையான ஆர்வம் படைப்பிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்று கண்டிக்கிறார். ஆனால் அதே கடிதத்திலேயே எந்த விவரங்களுக்கு மதிப்பு உண்டு என்று தரம் பிரித்தும் தருகிறார். சில செய்திகள் பொருளற்றவை. மொழிகளில் தமக்குள்ள விருப்பு வெறுப்பு போன்றவை ஓரளவு தொடர்புடையவை. 1892-இல் பிறந்து, இயந்திரங்களுக்கு முந்தைய காலத்து 'ஷயரில்' தொடக்க ஆண்டுகளை வாழ்ந்தது உண்மையிலேயே பொருளுள்ளது. அதைவிட முக்கியமானது தாம் கிறித்தவர், கத்தோலிக்கர் என்பது. சேர்ஹோலும் தாயும் அவர் தந்த பட்டியலிலேயே மேலே நிற்கிறார்கள். கோபுரங்களும் சிலந்தியும் அதில் இல்லை.

உருவகக் கதையை அவர் மறுத்ததும் இதோடு பொருந்திப் போகிறது. 'இது அதைக் குறிக்கிறது' என்ற ஒன்றுக்கு ஒன்றான கணக்கைத்தான் அவர் ஏற்கவில்லை. அனுபவம் என்ற மண்ணிலிருந்து கதையின் விதை முளைக்கும் விதம் மிகச் சிக்கலானது என்பது முன்னுரையில் அவர் சொன்ன கருத்து.

குழந்தைப் பருவம்தான் எல்லாம் என்றால், அதே வீட்டில் வளர்ந்த தம்பி ஏன் எழுத்தாளராகவில்லை?

நான் கேட்டவற்றுள் கூர்மையான கேள்வி இதுவே. ஹிலாரிக்கும் அதே ஆலை, அதே அரக்கர்கள், அதே தாய், அதே பாதுகாவலர், அதே போர். போருக்குப் பின் அவர் ஈவ்ஷம் அருகே நிலம் வாங்கிப் பழத்தோட்டக்காரர் ஆனார். தாய்வழி முன்னோர்களின் ஊர்ப்பக்கம் அது. அண்ணனும் தம்மை அந்த வழியினராகவே உணர்ந்து, தம் வீடு அந்த மண்தான் என்பார். அண்ணன் எழுத்தில் மீட்க முயன்ற நிலத்தில் தம்பி நேராகப் போய்க் குடியேறிவிட்டார் என்று சொல்லலாம்.

இருவரையும் பிரித்தது குழந்தைப் பருவத்தில் நடந்தவை அல்ல. உரிச்சொல் வரிசையும் நிலக்கரி வண்டியின் பெயர்களும் ஒருவரைப் பிடித்துக்கொண்டன, மற்றவரை விட்டுவிட்டன. அதற்குமேல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்திலும் வடபுல இலக்கியத்திலும் பெற்ற பல பத்தாண்டுப் பயிற்சி சேர்ந்தது. அது இல்லையென்றால் சேர்ஹோலிலிருந்து ஒரு நினைவுக்குறிப்பு பிறந்திருக்கும், ஓர் உலகம் பிறந்திருக்காது. அத்தகைய நினைவுக்குறிப்பும் உண்டு: வெள்ளை அரக்கனையும் கறுப்பு அரக்கனையும் பற்றி ஹிலாரி ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார், அது 2009-இல் சிறுநூலாக வெளிவந்தது.